ஹெட்போனின் இடது பக்கம்

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா எனக்கு ஒரு வாக்மேன் கொடுத்தார். அவர் இரண்டு வருஷம் வைத்திருந்ததுதான். கூடவே இருந்த ஹெட்போனை அவர் பிள்ளைகள் ஒடித்துவிட்டதால் வெறும் பெட்டிதான் என் கைக்கு வந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பண்ருட்டிக்குப் போய், ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். அந்த நேரத்துக்குப் பாட்டு வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஹெட்போன் வாங்கப் போகிறேன் என்றதும் தம்பி அதில் பங்கு கேட்டான். அவன் மைன்ஸில் அப்ரண்டிஸ். டிவியில் மாட்டி விளையாடும் ஒரு வீடியோ கேமை மாமா அவனுக்குக் கொடுத்திருந்தார். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் வாரங்களில் அந்தக் கேமின் கீச்சுச் சத்தத்தால் வீட்டில் சண்டை வரும். டிவியின் பக்கவாட்டில் ஹெட்போன் செருக ஒரு துளை இருந்தது. அதில் மாட்டினால் சத்தம் வெளியே வராது என்றான். ஆக, வாங்கும் ஹெட்போன் பஸ் இரைச்சலை அடைக்க வேண்டும், பாட்டுக்கும் நன்றாக இருக்க வேண்டும், தம்பியின் கேமுக்கும் உதவ வேண்டும். அதோடு என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும்.

பண்ருட்டி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேரும் விற்பனையும் சேர்ந்த ஒரு கடை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். மேஜைமேல் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லிய கம்பியில் பஞ்சு வைத்தது. விலை குறைவு, ஆனால் மாட்டிக்கொண்டே தெருவில் போகும் மாட்டுவண்டிச் சத்தத்தைக் கேட்கலாம். இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். மூன்றாவது டெல்லியில் எங்கோ செய்தது. கறுப்பு ரெக்சின் மெத்தை வைத்து, காது முழுவதையும் மூடியது. தலையில் கொஞ்சம் இறுக்கினாலும் மாட்டியவுடன் கடைத்தெரு அடங்கிப்போனது. அதுதான் எனக்குப் பிடித்தது.

கடையிலிருந்த பழைய டேப்ரிக்கார்டரில் மாட்டிக் காட்டினார். இடது பக்கம் பாட்டு வரவில்லை என்றேன். அந்த டேப் மோனோ செட், அதில் மாட்டினால் ஒரு பக்கம்தான் வரும், உங்களுடையது ஸ்டீரியோ, அதில் இரண்டு பக்கமும் வரும் என்று விளக்கினார். சரியாகத்தான் தெரிந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வாக்மேனில் மாட்டினேன். அப்போதும் இடது பக்கம் வரவில்லை. மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். மறு பேச்சில்லாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலும் அதே கதை. என்னை ஏமாற்றுகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய், பழுதான சரக்கைப் பெண்பிள்ளை தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கடைக்கு வெளியே நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. என் வாக்மேனை வாங்கி, ஹெட்போனைத் தன் காதில் மாட்டி ஒரு நிமிஷம் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் வந்துகினுதான் இருக்குதுங்க" என்றார்.

நான் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டினேன். இடது பக்கம் ஒன்றுமில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒயர கழட்டாதீங்க. அப்படியே மாத்தி மாட்டுங்க. இந்தப் பக்கத்த அந்தக் காதுல வைங்க."

மாற்றி மாட்டினேன். இவ்வளவு நேரம் ஊமையாக இருந்த பக்கம் என் வலது காதில் பளீரென்று பாடியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பக்கம் இடது காதுக்கு வந்ததும் செத்துப்போனது. நான் மறுபடி மாற்றினேன். இன்னொரு தடவை மாற்றினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. பாட்டு எப்போதும் வலது காதில் மட்டும் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வாக்மேனை நிறுத்தியபோதுதான் புரிந்தது.

"ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டுங்கம்மா. வெறும் அழுக்கா கூட அடைச்சிகினு இருக்கும்" என்றார். அவரை நான் திட்டிய திட்டுக்கு அவர் குரலில் அத்தனை தன்மை இருந்திருக்க வேண்டியதில்லை. மன்னிப்புக்கூடக் கேட்காமல் வாக்மேனையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபீஸுக்குத் திரும்பி என்ன டைப் அடித்தேனோ தெரியாது. வீடு திரும்பும் பஸ்ஸில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்தேன், டிக் டிக் என்றது. இடது காதில் அழுத்தி வைத்தேன். ஒரு கல்லை வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ்ஸில் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். கேட்கும் காது ஆட்கள் பக்கம் இருப்பதற்காக என்று தெரியாமல், எனக்கு ஜன்னல் பிடிக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பெயர். லாரி ஹாரன் அடித்தால் எங்கே வருகிறது என்று நாலு பக்கமும் பார்ப்பேன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மற்றவர்களுக்குக் காதாலேயே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப்போல் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போய், "அம்மா, எனக்கு ஒரு காது கேக்கல" என்றேன்.

அவள் என்ன என்று கேட்கவில்லை. எந்தக் காது என்றும் கேட்கவில்லை. கை மாவிலேயே இருந்தது.

"யாருட்டி சொன்னா?" என்றாள்.

கடையில் வந்த அதிர்ச்சி இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் தலைக்குள் இருக்கும் ஒன்று எனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா மெல்ல மெல்லச் சொன்னாள். எனக்கு நாலு வயது. அப்பா நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்த புதிது, குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஊரிலேயே இருந்தோம். எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் வீங்கி, நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்தேனாம். வீக்கம் வடிந்த பிறகு இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் நான் திரும்பவில்லையாம். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இன்னொரு காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை அம்மா கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதன் பிறகு யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போதுதான் கதவோரம் அப்பா நிற்பதை நாங்கள் பார்த்தோம். காலை ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே படுத்திருந்தவர். எப்போது எழுந்து வந்தாரோ தெரியாது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"எங்கிட்டயுமா சொல்லல?" என்றார்.

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க டாக்டர் டாக்டரா அலைவிய. பிளாக் முழுக்கத் தெரிஞ்சிரும். பொம்பளப் பிள்ள" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எட்டு வயதில் நடந்த ஒன்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவர் என்னை மூன்று தடவை கூப்பிட்டார், நான் முற்றத்தில் விளையாடிக்கொண்டே இருந்தேன். நைட் ஷிப்ட் அலுப்பில் வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அப்பா. குரல் உயரவேயில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்து வெளியே போனார். அன்றைய தோசையை யாரும் சாப்பிடவில்லை. தம்பி வந்து விஷயம் கேட்டு, ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதுதான் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் பார்த்தான்.

மூன்று வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை. காது போனதற்காக அல்ல. மற்றவர்களிடம் மறைத்ததைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ள முடிந்தது. என்னிடமே மறைத்ததுதான் ஆறவில்லை. அவள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தாள். கல்யாணம் முடிந்த பிறகும் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்பாதான் என்னை டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டாக்டர் இசைக்கவையைத் தட்டி காதருகே வைத்தும் நெற்றியில் வைத்தும் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா, "நாலு வயசிலேருந்து" என்றாள். வெளியே வரிசையில் எங்கள் பிளாக்குக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தே உரக்கச் சொன்னாள். டாக்டரும் பாளையங்கோட்டையில் சொன்னதையே சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றேன். அதுதான் மூன்று வாரத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

கல்யாண விஷயத்தில் அப்பா பிடிவாதமாக நின்றார். வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். இரண்டு இடம் நழுவிப்போனது. அதற்காக அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. மூன்றாவது இடம் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தது, அவர்கள் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் நம்பச் சில மாதம் ஆனது.

அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஹெட்போனைப் பிரித்து மேஜையில் பரப்பினான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போகும் பாட்டை ஒன்றாகச் சேர்த்து, வலது பக்கத்துக்கே வரும்படி ஒயரைப் பற்றவைத்தான். கேமுக்கு இனி உனக்கு ஆகுமா என்று கேட்டேன். ஒரு காது போதும் என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்து என்னைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பல வருஷமாகத் தெரிந்த பாட்டு. அதில் இரண்டாவது சரணம் முழுக்க, ரேடியோவின் கரகரப்பில் நான் அதுவரை கேட்டேயிராத ஒரு வயலின் கூடவே போகிறது. அந்த வாரம் பூராவும் பண்ருட்டி போய்ச் சேரும்வரை அந்த ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.