நாலரை மணிச் சங்கு

போன வருடம் ஆடி மாதம், ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு வயது எழுபத்து நான்கு. இங்குள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, 'சரி' என்றோ 'தள்ளு' என்றோ முத்திரை குத்துவதுதான் என் வேலை. பிறர் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். என் குறையை எழுத உட்காரும்போது கை தயங்குகிறது.

மகள் திருமணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் மனைவியும்தான். ஒரு நாய் வேண்டும் என்று மனைவி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வயதில் யார் பார்த்துக்கொள்வது என்று நான் தட்டிக் கழித்து வந்தேன். உண்மையான காரணம் வேறு. அது அவளுக்குத் தெரியாது. கடைசியில், அனாதை நாய்களுக்கு வைத்தியம் பார்த்து வீடு தேடித் தரும் ஒரு பெண்ணிடம், என்னைக் கேட்காமலே சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண், ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நாயை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நான்கைந்து வயதுப் பெண் நாய். செம்மண் நிறம், கழுத்தில் மட்டும் பட்டை தேய்ந்து முடி கொட்டிய தடம்.

"பாப்பான்னு கூப்பிடுறோம் அங்கிள். முன்னாடி என்ன பேரோ தெரியல. யாரோ வளர்த்த நாய்தான், கை குடுன்னா குடுக்குறா. பத்துப் பதினஞ்சு நாள் பொறுத்துக்கோங்க, செட்டாயிடுவா" என்றாள்.

எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

பாப்பா செட்டாகவில்லை. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல் கிரில் கேட், அங்கிருந்து மறுபடி சமையலறை. டைல்ஸ் தரையில் அவள் நகம் படும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். தையல் மெஷினுக்கு அடியில் மனைவி பழைய போர்வையை மடித்துப் போட்டாள். பாப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு வெறுந்தரையில் படுப்பாள், இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவாள். கோழி ஈரல் போட்டுப் பிசைந்த சோற்றை நாங்கள் பார்க்காதபோது பாதி தின்பாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிவாள். என் செருப்பில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு போய்க் கேட்டருகே வைப்பாள். கடிக்க மாட்டாள், வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

அவள் நடக்க நடக்க எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. செய்தித்தாளை விரிப்பேன், ஒரே வரியை நான்கு தடவை படிப்பேன். எழுந்து மாடிக்குப் போவேன், இறங்கி வருவேன். "வீட்டுக்குள்ள இப்ப ரெண்டு பேரு ரோந்து சுத்துறீங்க. ஒண்ணு நாலு காலு, ஒண்ணு ரெண்டு காலு" என்று மனைவி சிரித்தாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மாலையில் தொழிற்சாலையின் நாலரை மணிச் சங்கு ஊதியது. எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நடந்துகொண்டிருந்த பாப்பா அப்படியே நின்றாள். காது இரண்டும் விறைத்தன. நேராகக் கேட்டருகே போய், கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்துத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகு மட்டும் லேசாக நடுங்கியது. ஸ்கூட்டர் எது போனாலும் தலை அதோடு திரும்பும். தெருவிளக்கு எரியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து, தரையில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "இது குவார்ட்டர்ஸ்ல வளர்ந்ததுங்க. சங்கு ஊதினா வீட்டுக்காரர் வருவார்னு உக்காருது. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போறவன் எவனோ விட்டுட்டுப் போயிருக்கான். அவனுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குதோ!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தேன்.

இனி அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடங்களுக்கு முன் நான் ஓய்வு பெற்றபோது எங்களிடம் டாமி என்று ஒரு நாய் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தூக்கிக்கொண்டு வந்தது. ஒன்பது வயது, தோல் நோய் வந்து முடி உதிர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து, சேக்காட்டில் கட்டிய இந்த வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்தோம். சாமான் ஏற்றிய வேனோடு மனைவி முன்னால் வந்துவிட்டாள். "டாமியை ஸ்கூட்டர்ல முன்னால உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள். மகள் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு ஒரு முறை உண்டு. ஊழியர் ஒருவர் பட்டியலோடு வருவார். மின்விசிறி மூன்று, குழல்விளக்கு நான்கு, குழாய் ஐந்து, சாவி இரண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவார். நாமும் கூடவே நடந்து காட்ட வேண்டும். அன்று டாமியும் எங்கள் பின்னாலேயே அறை அறையாக வந்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். "வேற எதுவும் இல்லியே சார்?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்றேன். டாமி என் காலருகில் நின்றிருந்தான்.

புது வீட்டின் வெள்ளைத் தரைதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் இத்தனை வருடம் தேடியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முடி கொட்டும், நாற்றம் அடிக்கும், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த கொய்யா மரத்தடியில் கொட்டினேன். அவன் தின்னவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் ஓடி வருவான் என்று தெரிந்ததால், கிளம்பும்போதே கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். வேப்பம்பட்டில் தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஆசையாகக் கேட்டார், அங்கே ஓடியாட இடம் இருக்கிறது, கொடுத்துவிட்டேன் என்று. அழுதாள், பிறகு தேற்றிக்கொண்டாள். மகள் போன் செய்யும்போதெல்லாம் டாமியைப் பற்றிக் கேட்பாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். முடி நன்றாக வளர்ந்துவிட்டது, அணில் துரத்துகிறான், குண்டாகிவிட்டான் என்றெல்லாம். இல்லாத தோப்புக்கு ஒரு கிணறுகூடக் கட்டினேன். மூன்று வருடம் கழித்து, வயதாகி நிம்மதியாகப் போய்விட்டான் என்று முடித்துவைத்தேன். அன்று மனைவி சர்க்கரைப் பொங்கல் செய்து தெருநாய்களுக்குப் போட்டாள்.

இப்போது பாப்பா தினமும் நாலரைக்குக் கேட்டருகே போய் உட்கார்ந்தாள். அவள் முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை. நாயைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணுக்கு, மனைவிக்குத் தெரியாமல் போன் செய்தேன். "இன்னொரு தடவை கைமாறினா அவ தாங்க மாட்டா அங்கிள்" என்று சொல்லிவிட்டாள்.

பதின்மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சங்கு ஊதியது. பாப்பா வந்து உட்கார்ந்தாள். நான் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டைத் திறந்தேன். கை தவறித் திறக்கவில்லை. அவள் போய்விட்டால் வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்துத்தான் திறந்தேன். அவள் உடனே ஓடவில்லை. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வழி தெரிந்தவளைப் போலத் தெருவில் இறங்கி நேராக நடந்தாள்.

மனைவி வந்ததும் கேட்டது, "பாப்பா எங்க?" என்றுதான். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்றேன். அதே வாய், அதே மாதிரிப் பொய். பதினான்கு வருடத்தில் அதற்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. பிரசாதத்தைக்கூடக் கீழே வைக்காமல், வலிக்கும் முழங்காலோடு மனைவி தெருவில் இறங்கினாள். "பாப்பா... பாப்பா..." என்று ஒவ்வொரு காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். மூன்று தெரு தாண்டியதும் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாப்பா எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆட்டோவை நிறுத்தி, குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு விடச் சொன்னேன்.

கேட்டுக்கு எதிரே பழைய டீக்கடை. பாய்லருக்குப் பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து உள்ளே போகும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பாப்பா வாலை ஆட்டினாள். கண்ணை மட்டும் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

டீக்கடை பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், எம்மா வருசமாச்சு பாத்து! உங்க நாயா இது? இத்த ஒரு பொண்ணு வந்து தூக்கினு போச்சே. இதும் ஊட்டுக்காரரு ரிட்டயர் ஆயி ஊருக்குப் பூட்டாரு சார். நாலு மாசமா இங்கியே உக்காந்துகினு கெடந்துச்சு. வாச்மேன் உள்ள உடமாட்டாரு. பன்னு போட்டாலும் துன்னாது. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு இப்டி வந்து உக்காரும் சார். நானும் இருவது வருசமா பாத்துகினுதான கீறேன்."

என்னைப் பார்த்தபடிதான் சொன்னார். எதையும் மனதில் வைத்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம் பாய், வாயில்லாத ஜீவன். நல்ல வேளை, எங்க டாமியை இவர் தோப்புல கொண்டு விட்டாரு. ராஜாவாட்டம் இருந்துட்டுப் போனான்" என்றாள்.

என் பொய்யை அவள் இத்தனை வருடமாக ஓர் ஆறுதலாக வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள். அதையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல சாக்காகக்கூட இருந்தது. ஆனால் பாப்பா அங்கே உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். தோப்பு இல்லை என்றேன். நண்பரும் இல்லை என்றேன். இன்று கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான் என்றேன்.

மனைவி குவார்ட்டர்ஸ் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். நான் ஏறப் போனபோது, "நீங்க நடந்து வாங்க" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

மூன்று கிலோமீட்டர் இருக்கும். நடந்தேன். வீட்டுக்கு வந்தபோது கிரில் கேட் உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் அப்படியே நின்றேன். உள்பக்கம் பாப்பா உட்கார்ந்திருந்தாள். அவளருகே என் செருப்பு ஒன்று இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனைவி வந்து தாழ்ப்பாளை நீக்கினாள். என் முகத்தைப் பார்க்காமல், "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சொன்னேன். மகள் போனை வைத்துவிட்டாள். பொங்கலுக்கு வந்தபோதுதான் மறுபடி என்னிடம் பேசினாள்.

பாப்பா இப்போதெல்லாம் போர்வையில் படுக்கிறாள். சங்கு ஊதினால் இன்னமும் கேட்டருகே போகிறாள், ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறாள். அந்தப் பத்து நிமிடமும் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எதிர்பார்ப்பது என்னை இல்லை என்று தெரியும். மாதம் ஒருமுறையாவது அந்த டீக்கடைப் பக்கம் போகிறேன், பாயோடு ஊர் நடப்பெல்லாம் பேசுகிறேன். கொய்யா மரத்தடியில் நான் விட்டு வந்தவன் அங்கே வந்து உட்கார்ந்தானா, உட்கார்ந்தால் எத்தனை நாள் உட்கார்ந்தான் என்ற ஒன்றை மட்டும் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.