கம்பியில் மேலிருந்து நான்காவது

எண்பதுகளின் நடுவில், தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் எனக்குக் கண் அடியோடு போய்விட்டது. பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வாரம் ஐந்தாறு தபால் வரும். என் மனைவி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு கார்டை முடிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். அதனால் தபால்களை எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு அடி நடந்து, எதிரே இருந்த தையல்கார பாயின் கடைக்குப் போவேன்.

ஆரம்பத்தில் பாய் மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தார். எல்லாக் கடிதமும் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி வீட்டில் உள்ளவர்களையெல்லாம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வரும். நாலாவது தபாலில் எனக்குப் பொறுமை போய்விடும். ஆகவே ஒரு நடைமுறை ஏற்படுத்தினேன். முதலில் யார், எந்த ஊர் என்று மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு 'படிங்க', 'விடுங்க', 'அப்புறம்' என்று மூன்றில் ஒன்று சொல்வேன். ஒருமுறை கேட்ட கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னால் தேதி, விசாரிப்பு, 'இப்படிக்கு' எதுவும் வேண்டாம், விஷயம் மட்டும் போதும். குரலில் உருக்கம் கூடாது, வேகம் வேண்டும். பாய் மிஷினை மிதித்துக்கொண்டே படிப்பார். காலின் வேகத்துக்கு வாயும் ஓடும். ஒரு சட்டைக்குக் காலர் வைக்கும் நேரத்தில் ஆறு தபால் முடிந்துவிடும்.

"இந்த ஓட்டத்துல படிச்சா, என்ன படிச்சேன்னு எனக்கே தெரியறதில்லீங்க ஐயா" என்றார் ஒருநாள்.

"உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? எனக்குத் தெரிஞ்சா போதும் பாய்."

"அதுவும் செரிதான். அடுத்தவங்க வூட்டு லெட்டரு. படிச்ச கையோட மறந்துடணும்."

படித்த கடிதங்களை எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய கம்பியில் நானே குத்தி வைப்பேன். கண் போனபோது தொடங்கிய கம்பி அது. புதியது எப்போதும் மேலே. எந்தக் கடிதம் எத்தனையாவது என்று விரலால் எண்ணி எடுத்துவிடுவேன்.

அந்த மார்கழியில் மகளிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. இரண்டு வருடமாக அவள் வரவும் இல்லை, எழுதவும் இல்லை. கடைசியாக வந்து தங்கியிருந்தபோது ஒரு காலையில், "இன்னியோட பதினோரு நாள் ஆச்சு" என்று சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதையும் எண்ணினேன், வேறொன்றுமில்லை. அவள் அன்று மதியமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பாய் படித்தார். பொங்கல் முடிந்த அடுத்த வாரம், சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறாள். மொரப்பூர் பிளாட்பாரத்தில் அப்பாவே வந்து நின்றால் இறங்குவாள். இல்லாவிட்டால் இறங்காமல் சேலத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு யாரும் கூப்பிட வேண்டாம். இதையும் காலர் வேகத்தில்தான் படித்தார். "புள்ள சனிக்கிழமை வருது" என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். நிபந்தனையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பொங்கல் கழிந்தது. நாள் நெருங்க நெருங்கச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சனியா, வேறு கிழமையா? அதற்குப் பின் கம்பியில் குத்தியது மூன்றுதான், மூன்றும் பொங்கலுக்கு முன்பே; மற்றதெல்லாம் 'விடுங்க' என்று தள்ளிய வாழ்த்து அட்டைகள். ஆக, மேலிருந்து நான்காவது. எடுத்தேன். இன்லண்ட் லெட்டர்தான். ஆனால் மேலே இருந்த மூன்றில் ஒன்று கார்டாக இருந்தது. அந்த இடத்தில் கல்யாணப் பத்திரிகை அல்லவா இருக்க வேண்டும்? நான்தான் மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"விஷயம் மட்டும் பாய்."

"வியாழக்கிழமை பகல் வண்டிக்கு மொரப்பூரில் இறங்குகிறேன். அவரைக்காய் இருந்தால் அம்மாவை எடுத்து வைக்கச் சொல்லவும். அவ்ளோதாங்க."

"வியாழனா? நான் வந்து நிக்கலன்னா சேலம் போயிடறேன்னு ஒரு வரி இருக்குமே?"

"அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே. நல்லாத்தான் எழுதியிருக்குது பாப்பா."

சனி என்று கேட்டது என் காதுதானே? அந்த நிபந்தனையை நானே மனசில் எழுதிக்கொண்டேனா? கண் போனவனுக்குப் புத்தியும் போகிறதா? இரண்டு நாள் இதையே புரட்டினேன். கடைசியில் என் நினைவைவிடக் காகிதத்தை நம்புவது என்று முடிவு செய்தேன். முப்பத்து நான்கு வருடம் காகிதத்தை நம்பியே வேலை பார்த்தவன்.

"அன்னிக்கு சனின்னீங்க?" என்றாள் மனைவி.

"லெட்டர்ல வியாழன்னு இருக்குது."

"லெட்டரு மாறுதா, நீங்க மாறறீங்களா?"

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி மொரப்பூர் போனோம். வண்டி வந்தது. நான் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றேன். மனைவி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நாலு பேரு எறங்கறாங்க. மூட்டையோட ஒருத்தன். அது நம்ம புள்ள இல்ல. அதுவும் இல்ல." வண்டி நகர்ந்தது. என்னைப் பார்த்தும் இறங்காமல் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன்.

"பெத்தவகிட்ட இத மறைப்பீங்களா?" என்று அவள் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் பேச்சு நின்றது. பிறகு கேட்டாள். "எந்த லெட்டரப் படிக்கக் குடுத்தீங்க?"

"மேலிருந்து நாலாவது."

அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏங்க, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப கம்பியக் கழட்டுனேன். ஒவ்வொண்ணா உருவி வெச்சுட்டு, மொதல்ல உருவுனதையே மொதல்ல குத்துனேன்."

புரிந்துவிட்டது. மேலே இருந்தது அடிக்குப் போயிருந்தது, அடியில் இருந்தது மேலே வந்திருந்தது. பாய் படித்தது, அந்தப் பதினோரு நாள் வருகைக்கு முன் அவள் எழுதிய பழைய கடிதம். தேதியைப் படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தேதி வேண்டாம் என்று விதி போட்டவன் நான். படித்ததை மறக்க வேண்டும் என்பது பாயின் விதி. இரண்டு பேரும் தவறாமல் நடந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அடியிலிருந்து நான்காவதை எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னிக்கு மிஷின நிறுத்திடுங்க பாய். மேல தேதியிலிருந்து, ஒரு எழுத்து விடாம."

அவர் காலை எடுத்துவிட்டு மெதுவாகப் படித்தார். சனிதான். நிபந்தனையும் இருந்தது. முதல் தடவை காலர் வேகத்தில் என் காதில் தங்காமல் ஓடிப்போன விசாரிப்பில், 'அப்பாவுக்கு இப்போது வெளிச்சமாவது தெரிகிறதா?' என்று இருந்தது. பாயை அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டோம். மனைவியைத் தள்ளி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். எந்தப் பெட்டியிலிருந்து பார்ப்பாள் என்று தெரியாததால், வண்டி வரும் சத்தம் கேட்டதுமே கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். வண்டி நின்றது. யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். விசில் ஊதியது. வண்டி கிளம்பியது. தடியை இறக்கத் தைரியம் வரவில்லை. நூற்றுப் பதினெட்டு வரை எண்ணியிருந்தேன்.

"கைய எறக்குங்கப்பா. எறங்கி எவ்ளோ நேரமாச்சு. எத்தன நிமிஷம் இப்படியே நிப்பீங்கன்னு பாத்தேன்."

"இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

"பொய்யி" என்று சொல்லித் தடியை வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தடவை அவள் எத்தனை நாள் தங்கினாள் என்பது எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.