இம்மாம் பெர்சும் பென்னம்பெரியதும்

"இம்மாம் பெரிய பொட்டி அடிக்கணும்பா" என்று கூட வேலை செய்யும் டில்லி அண்ணன் சொன்னபோது நான் குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "இம்மாம் பெர்சு!" என்றார். அதுதான் எவ்வளவு என்றேன். "யோவ், மூஞ்ச நிமித்தி கையப் பாருய்யா!" நிமிர்ந்தேன். இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். அப்போதுதான் பளிச்சென்று பட்டது: இந்தப் பக்கத்தில் 'இம்மாம்' என்பது பாதிச் சொல், மீதி கையில் இருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணத்திலோ 'பென்னம்பெரிய' என்றாலே போதும். கையைக் கட்டிக்கொண்டே பென்னம்பெரிய சுறா என்று சொல்லலாம், கேட்பவரின் கண் தானாக விரியும். இங்கே சுவரொட்டிகளில் 'மாபெரும்' உண்டு. மாபெரும் பேரணி, மாபெரும் இழப்பு. ஆனால் கடையில் போய் மாபெரும் பூசணிக்காய் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே உயர்தரக் கணிதம் படித்தவனுக்கு அளவுகளின் மீது ஆசை இருக்காதா? யாரிடமாவது இதையெல்லாம் சொல்லிக் குதிக்க வேண்டும் போல இருக்கும். சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில், மெஷின்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் இந்தக் கொட்டகையில், நான் நாகர்கோவில்காரன் என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறேன். வைகாசியில் இங்கே குண்டு வெடித்த பிறகு எங்கள் ஆட்களுக்கு வேலையும் இல்லை, வாடகைக்கு வீடும் இல்லை. தெரிந்துவிட்டால் குன்றத்தூரில் அக்காவும் நானும் இருக்கும் ஒற்றை அறை போய்விடும். மறுபடி முகாம்தான்.

இரண்டு மாதம் வாயைக் கட்டிக் காத்தேன். போன வாரம் கிரேன் ஒரு மெஷினைத் தூக்கிற்று. அந்தரத்தில் அது மெல்லச் சுழன்ற அழகில் என்னை மறந்து கத்திவிட்டேன்: "ஐயோ, பென்னம்பெரிய மிசின்!"

டில்லி அண்ணன் திரும்பினார். "இன்னாது? பொன்னாம்பெர்சா?"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் கொட்டகை முழுக்க அதே பேச்சு. "பொன்னாம்பெர்சா ஒரு டீ போடு." "யப்பா, பொன்னாம்பெர்சு கொசு!" என் அம்மாவின் வாயில் பிறந்த சொல் என் கண் முன்னாலேயே நொண்டிக்கொண்டு திரிந்தது. அதைத் திருத்தக்கூட என்னால் முடியவில்லை.

இன்று அது முதலாளியின் காதில் விழுந்தது. "எவன்டா இத்த கொண்டாந்தவன்? சிலோன் பேச்சு மாதிரி கீது. அப்டி யார்னா உள்ள இருந்தா இப்பவே கெளம்பிடு. ஸ்டேசன்ல போய் என்னால பதில் சொல்லிக்கினு இருக்க முடியாது."

"நம்ம சரக்குதாண்ணே" என்றார் டில்லி அண்ணன், சுத்தியலை நிறுத்தாமல். "மாமியார் வந்து எறங்கசொல்ல பாத்தேன். அதுவா வாய்ல வந்துடுச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாகர்கோயிலு, நீ சொல்லு. அந்தப் பொட்டி எம்மாம் பெர்சு?"

நான் கைகளை மட்டும் விரித்துக் காட்டினேன்.

"வாய்ல இன்னா, கொயக்கட்டையா? நாளைக்கி லோடு ஏத்தசொல்ல நீதான் சத்தம் குடுக்கற. நான் இங்கயேதான் நிப்பேன்."

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் டில்லி அண்ணன் பக்கத்தில் வந்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. "பெ-ரி-சுன்னு இய்க்காதப்பா. பெர்சு. டக்குனு கடிச்சித் துப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அறையில் நின்று அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். "நீ சொல்லேக்கை கேள்வி கேக்கிற மாதிரிக் கிடக்கு, திருப்பிச் சொல்லு" என்கிறாள் அக்கா, அடுப்படியிலிருந்து. நாளைக்கு லாரி பின்வாங்கும்போது, முதலாளி கேட்பதற்கு முன் நானே கத்திவிடப் போகிறேன்: "இம்மாம் பெர்சு வருது, ஒத்திக்கோ!" வாய்க்கு வந்துவிட்டது. கைதான் அடங்கவில்லை. இடக்கை சுவரில் முட்டுகிறது, வலக்கை ஜன்னல் கம்பியைத் தாண்டி வெளியே போகிறது. அவை இன்னும் பென்னம்பெரியதற்கே விரிகின்றன.