ஏழு அங்குலப் புரொப்பெல்லர்

என் மனைவி பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவள் சிரிப்பதோ விமானம் விடும்போது மட்டும்தான். ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானம். இறக்கைகளை மட்டும் எட்டு மாதம் இழைத்தாள். பல் செட்டை மெருகேற்றும் சின்னக் கருவியாலேயே புரொப்பெல்லரையும் தேய்த்து, இரண்டு பக்க எடையையும் ஒன்றாக்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி விமானக் கிளப்பின் வேகப் போட்டி அணிக்குத் தேர்வு. மூன்று வாய்ப்பு, ஒன்றிலாவது மணிக்கு நூறு கிலோமீட்டர் தாண்ட வேண்டும். போன வருடம் எண்பத்திரண்டோடு திரும்பியவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"பெரிய புரொப்பெல்லரா மாட்டினா வேகமா போகும்" என்று யோசனை சொன்ன மேதாவி நான்தான். ஒன்பது அங்குலத்தைக் கழற்றிப் பத்து அங்குலம் மாட்டினாள். பாரம் தாங்காமல் மோட்டார் திணறியது. முதல் வாய்ப்பில் வேகம் எழுபத்தாறு.

பையிலிருந்து ஏழு அங்குலத்தை எடுத்தாள்.

"இதுவா? பொம்மை மாதிரி இருக்கு."

"நீளம்தான் கம்மி. பிட்ச் அதிகம். திருகாணி ஒரு சுத்துக்கு இவ்வளவு உள்ள போகுதுன்னு இருக்கில்ல, அது மாதிரி இது ஒரு சுத்துக்குக் காத்துல எவ்வளவு முன்னால போகும்ங்கற கணக்குதான் பிட்ச். பழைய ஒன்பது அங்குலத்துக்குப் பிட்ச் ஆறுதான், இதுக்கு ஒன்பது. சின்னதா இருக்கறதால மோட்டாரும் வேகமா சுத்தும்."

"அப்ப முதல்லயே இதைப் போட்டிருக்கலாமே?"

"கிளம்பறப்ப இழுவை பத்தாது. நீங்கதான் ஓங்கி எறியணும்."

கையால் எறிந்து கிளப்புவது என் வேலை. எட்டு மாத உழைப்பாயிற்றே என்று பூப்போல விட்டேன். நாலடி போய்ப் புல்லில் குப்புற விழுந்தது. நல்லவேளை, எதுவும் உடையவில்லை. ஆனால் இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

"என்னங்க, உடைஞ்சா நான் செஞ்சுக்கறேன். பயப்படாம எறிங்க."

ஓடிப்போய், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தேன். முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. போச்சு என்று நினைத்தேன். பிறகு மெல்ல நிமிர்ந்து, வேகம் பிடித்து, திடலின் மறுமுனை வரை போய்த் திரும்பி எங்களைக் கடந்தது. வேகம் பார்க்கும் கருவியோடு நின்ற கிளப் செயலாளர் "நூத்தியெட்டு!" என்று கத்தினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம். அவள் பதறாமல் விமானத்தை இறக்கிவிட்டு வந்து அணிப் பட்டியலை வாங்கினாள். அதில் 'எறிபவர்' என்றொரு கட்டம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரை எழுதினாள்.