நடுக்கடலில் ரிக்கற் எடுப்பதில்லை

இந்த ஊரில் பஸ் கப்பலில் ஏறுகிறது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கக்கூடும். ஊர்காவற்றுறையில் யாழ்ப்பாணத்துச் சிவப்பு பஸ் வந்து நின்றதும் குதித்து இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுவைதீவு வள்ளத்துக்கு ஓடிய ஆட்கள் அல்லவா நாங்கள். இங்கே ஓடத் தேவையில்லை. நோர்வேயின் வடக்கில் நான் மீன் வெட்டிப் பிழைக்கும் இந்தத் தீவின் பஸ், இறங்குதுறையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் தன்பாட்டில் கப்பலின் வயிற்றுக்குள் போய் நிற்கும். சனம் இறங்கி மேல்தட்டுக்குப் போய்க் கோப்பி குடிக்கும். முக்கால் மணித்தியாலத்தில் பெரிய தீவு வரும். பிறகு எல்லாரும் அதே பஸ்ஸில் ஏறிக் கரையில் ஓடத் தொடங்குவார்கள். முதன்முதல் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான்.

பஸ்ஸில் ரிக்கற் எடுப்பதே முதல் வருடம் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. எங்கள் பக்கத்து பஸ்ஸில் நாம் ஏறி இருந்தால் போதும், கொண்டக்டர் சனத்தை இடித்துக்கொண்டு எங்களைத் தேடி வருவார். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்கமாட்டார். "அண்ணை, ஆசுபத்திரிக்கோ? ஆருக்குச் சுகமில்லை?" என்று ஊர்ப்புதினம் முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் ரிக்கற்றைக் கிழிப்பார். இங்கே சாரதிதான் ரிக்கற்றும் தருகிறவர். நாம்தான் அவர் முன்னால் போய் நின்று இடத்தின் பெயரைச் சொல்லவேண்டும். தபால் கந்தோர் இருக்கும் துறைமுகத்தின் பெயரில் நாக்குக்கு அடங்காத ஓர் எழுத்து இருந்தது. அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு போவேன். சாரதி "வா?" என்பார். என்ன என்று கேட்கிறாராம். நான் திருப்பிச் சொல்வேன். அவர் திருப்பி "வா?" என்பார். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு ரிக்கற்றைத் தருவார். தீவில் இருப்பது ஒரேயொரு றோட்டு, அந்த பஸ் வேறெங்கும் போக வழியில்லை என்பது எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது. வாய் திறக்காமல் காசை நீட்டியிருந்தாலே காணும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பஸ் ரிக்கற்றைப் பற்றியல்ல. பஸ் ரிக்கற் தரைக்கு மட்டும்தான். கடலுக்கு வேறு ரிக்கற். கப்பல் நடுக்கடலுக்கு வந்த பிறகு தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல்தட்டுக்கு வருவார், ஒவ்வொருவரிடமும் காசை வாங்கி ரிக்கற் கிழித்துக் கொடுப்பார். இதில் என்ன வில்லங்கம் என்று தரையில் பிறந்தவர்கள் கேட்பார்கள். எழுவைதீவார் கேட்கமாட்டார்கள்.

எங்கள் வள்ளத்தில் நடுக்கடலில் காசை வெளியே எடுப்பதில்லை. வள்ளம் கரையைத் தொடவேண்டும், கால் மண்ணில் படவேண்டும், அதற்குப் பிறகுதான் தண்டையல் கையை நீட்டுவார். எங்கள் தண்டையல் மரியாம்பிள்ளை அண்ணை பாய் இழுத்து வள்ளம் ஓட்டிய காலத்தில், யாராவது அவசரக்காரர் மடியை அவிழ்த்தால், "இஞ்சை பாரும், வந்து சேந்திட்டம் எண்டு கடலுக்குச் சொல்லப்போறீரே? உதை உள்ளுக்கு வையும்" என்று அதட்டுவார். இது ஏதோ பழங்கதை என்று நான் நினைக்காததற்குக் காரணம் என் குஞ்சியம்மா. அம்மாவின் தங்கை. அவவைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று எனக்கு எட்டு வயது, நானும் வள்ளத்தில் இருந்தேன். ஊர்காவற்றுறையில் பஸ் போய்விடும் என்ற அந்தரத்தில் குஞ்சியம்மா பாதி வழியிலேயே முந்தானை முடிச்சை அவிழ்த்து எல்லாருடைய காசையும் மரியாம்பிள்ளை அண்ணையின் கையில் வைத்துவிட்டா. அவர் வாங்கமாட்டன் என்று சொல்லச் சொல்ல வைத்தா. கொஞ்ச நேரத்தில் காற்று மாறியது. பாய் படபடவென்று அடித்தது. ஊர்காவற்றுறை கண்ணுக்கு முன்னால் நிற்க, வள்ளம் திரும்பி எங்களை எழுவைதீவிலேயே கொண்டுவந்து இறக்கியது. சம்பந்தம் குழம்பிப்போனது. அதற்குப் பிறகு ஊரில் அவவுக்குப் பெயர் 'காத்தைத் திருப்பினவள்'. குஞ்சியம்மாவோ கொஞ்சமும் கவலைப்படவில்லை. "திரும்பினது நல்லதாப் போச்சு. இல்லாட்டில் அந்தக் குடிகாரனையெல்லோ கட்டி மாரடிச்சிருப்பன்" என்று சிரிப்பா.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நான் இங்கே வந்து இரண்டு வருடம் முடியும் நேரம். வெளிநாட்டுக்காரன் வருடாவருடம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். அதற்குப் பெரிய தீவில் இருக்கும் லென்ஸ்மனிடம் போகவேண்டும். லென்ஸ்மன் என்றால் ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கும் எங்கள் விதானையையும் பொலிஸ் இன்ஸ்பெக்டரையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஓர் ஆள். முதல் வருடம் மீன் தொழிற்சாலை முதலாளியே தன் காரில் கூட்டிக்கொண்டு போனார், கப்பல் காசையும் அவரே பார்த்துக்கொண்டார், நான் காருக்குள்ளேயே நித்திரை. இந்த முறை தனியாகப் போ என்று விட்டுவிட்டார், நான் தனியாகக் கப்பல் ஏறியது அதுதான் முதல்தடவை. புயலால் இரண்டு நாள் கப்பல் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஓடியது. அதுதான் என் அனுமதியின் கடைசி நாள். கந்தோர் மூன்று மணிக்குப் பூட்டிவிடும். இந்த வருட அனுமதி கிடைத்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நான் புறப்பட்டபோது என் மனைவி றெஜினாவுக்கு ஆறு மாதம். மகள் ஜெசிந்தாவை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். முதலாளி வீடு தருவதாக எழுதிய கடிதம், விண்ணப்பப் பத்திரம், மகளின் படம் எல்லாம் என் கோட்டுப் பைக்குள் இருந்தன.

நடுக்கடலில் தோற்பைக்காரர் வந்தார். நெடுத்த மனிதன், செம்பட்டைத் தாடி. என் முன்னால் கையை நீட்டினார். மற்ற எந்த நாளாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேனோ என்னவோ, இன்றைக்கா? மாதாவே, வேறு நாளே கிடைக்கவில்லையா? புயல் இன்னும் முழுதாக அடங்கவில்லை, கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. காற்று ஒருமுறை மாறினால் என் பெண்சாதி பிள்ளை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "போ லாந்த்" என்றேன். கரையில் என்று அர்த்தம். அவர் விளங்காமல் திரும்பவும் கையை நீட்டினார். நான் யன்னலுக்கு வெளியே கரையைக் காட்டி, "போ லாந்த், போ லாந்த்" என்றேன். கரையில் யாரோ எனக்காகக் காசு வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தாரோ, இறங்கியதும் ஓடப்போகிறான் என்று நினைத்தாரோ, போய் பஸ் சாரதியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாரதி செவிடனுக்குச் சொல்வதுபோல் மெல்லமாகவும் பலமாகவும் காசு இல்லையா என்று கேட்டார். ஐயோ, என்னைப் பிச்சைக்காரன் என்றல்லவா நினைக்கிறார்கள் என்று ரோசம் வந்து, சட்டைப்பையிலிருந்த நோட்டைத் தொட்டுக் காட்டினேன். அதோடு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. காசும் வைத்திருக்கிறான், தரவும் மாட்டேன் என்கிறான்! கோப்பி குடித்துக்கொண்டிருந்த சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தோற்பைக்காரர் விரலால் தரையைக் குத்திக்காட்டிச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. கப்பல் ரிக்கற் இல்லாதவன் பஸ்ஸில் ஏற ஏலாது. கப்பலிலேயே இருந்து திரும்பிப் போகவேண்டியதுதான். அடுத்த கப்பல் பின்னேரம். கந்தோர் பூட்டிவிடும்.

கொடுத்தாலும் திரும்பும், கொடுக்காவிட்டாலும் திரும்பும் என்றால் மனிதன் என்ன செய்வான்? நான் நோட்டை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன். எடுத்ததும் ஆயிற்று, கொடுத்ததும் இல்லை. தோற்பைக்காரர் கள்ளனுக்குக் காவல் நிற்பதுபோல் எனக்குப் பக்கத்தில் நின்றார். கப்பல் துறையை நெருங்க எல்லாரும் கீழே போய் பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் இருவரும் பஸ் வாசலில் நின்றோம், அவர் கையை நீட்டியபடி, நான் கையைப் பொத்தியபடி. சாரதி இயந்திரத்தை முடுக்கிவிட்டார். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. கப்பலின் இரும்புத் தட்டு இறங்கி, டணார் என்று கரையில் மோதியது. அந்தச் சத்தத்தோடு கையை விரித்தேன். வியர்வையில் நனைந்த நோட்டை அவர் விரலால் தூக்கிப் பார்த்தார். ரிக்கற்றைக் கிழித்து என் நெஞ்சில் வைத்தார்.

லென்ஸ்மனின் கந்தோருக்குள் நுழைந்தபோது இரண்டரை மணி. அவருக்குக் கதை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. தீவுகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், ஆள் போக முன்னம் புதினம் போய்விடும். என் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கப்பலில் ஏன் காசு கொடுக்கவில்லை என்று கேட்டார். கள்ளன் என்று பெயர் எடுத்தால் அனுமதியும் போச்சு, குடும்பமும் போச்சு. எனக்குத் தெரிந்த நோர்வே மொழி நூறு சொல்லும் வராது, அதிலும் முக்கால்வாசி மீன். கையால் பாய் கட்டினேன், வாயால் காற்று ஊதினேன், குஞ்சியம்மாவின் முந்தானையை என் கோட்டு நுனியில் அவிழ்த்துக் காட்டினேன், வள்ளத்தைத் திருப்பினேன். அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் குவித்து விசில் அடிப்பதுபோல் காட்டி, அதன்மேல் விரலை வைத்து மறித்து, "அப்பா" என்றார். அவருடைய தகப்பன் மீன்பிடிகாரனாம். படகில் யாரும் விசில் அடிக்க விடமாட்டாராம், காற்று வந்துவிடுமாம். சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். குடும்பத்துக்கான விண்ணப்பத்தைத் தலைநகருக்கு அனுப்புவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் கந்தோரின் படியில் இறங்கும்போது நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்று பின்னேரம் திரும்பும்போது அதே தோற்பைக்காரர். லென்ஸ்மன் தொலைபேசியில் என்ன சொன்னாரோ தெரியாது. எல்லாரிடமும் காசு வாங்கிவிட்டு, என்னைக் காணாதவர் மாதிரித் தாண்டிப் போனார். தட்டு கரையில் மோதியபிறகு வந்து கையை நீட்டினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பெயர் ஊலாவ். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. தூரத்திலேயே என்னைக் கண்டால், "போ லாந்த்" என்று என் குரலிலேயே பகிடி பண்ணுவார்.

ஒன்றரை வருடத்தில் றெஜினாவும் பிள்ளையும் வந்தார்கள். முதல் நாள் கப்பலில் ஜெசிந்தா என்னை யாரோ என்று முழுசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். றெஜினா என் காதுக்குள், "இஞ்சை எங்கை காசு குடுக்கிறது?" என்றாள். "கரையிலை" என்றேன். "அப்ப நல்ல சனம்தான்" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

பிள்ளை வளர்ந்துவிட்டது. இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளோடு பேசும்போது அந்த அடங்காத எழுத்து அவள் வாயில் தண்ணீராய் ஓடுகிறது. தன் அரை ரிக்கற்றைத் தானே எடுப்பேன் என்று அடம். ஊலாவ் வந்ததும் கையுறைக்குள்ளிருந்து காசை எடுத்து நீட்டுவாள், நடுக்கடலில். றெஜினா முதலில் கையைப் பிடித்து மறித்துப் பார்த்தாள். "ஏனம்மா? அந்த ஆள் பாவமெல்லே, காவல் நிக்குது" என்றாள் பிள்ளை. பிறகு நாங்கள் விட்டுவிட்டோம்.

போன மாதம் மூன்று பேரும் லென்ஸ்மனிடம் போனோம். இந்த முறை குத்தியது நிரந்தர வதிவிட முத்திரை. இனிமேல் வருடாவருடம் வரத் தேவையில்லை, இருக்கும்வரை இருக்கலாம் என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கேட்டது, காத்திருந்தது, பொத்திய கையோடு நின்றது எல்லாம் இதற்காகத்தான். சந்தோசமாகத்தான் இருந்தது. திரும்பும் கப்பலில் கோப்பி வாங்கினேன், பிள்ளைக்கு வாஃபிள் வாங்கினேன். வெளியே வெயில். கடல் எங்கள் பக்கத்துக் கடல்போல் தட்டையாகக் கிடந்தது. திடீரென்று எனக்கு ஊருக்குப் போகவேண்டும் போலிருந்தது. இன்றைக்கே, இப்போதே. குஞ்சியம்மாவின் வள்ளம் திரும்பியது எழுவைதீவுக்குத்தானே, இதுவும் திரும்பாதோ என்று நினைத்தேன்.

ஊலாவ் பிள்ளையின் காசை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் என்னைத் தாண்டினார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, எனக்கும் றெஜினாவுக்குமான காசை நீட்டினேன். அவர் வெளியே எட்டிப் பார்த்தார், கரை வந்துவிட்டதோ என்று.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் றெஜினா.

ஊலாவ் ரிக்கற்றைக் கிழித்துத் தந்தார். நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். றெஜினாவும் பார்த்தாள். கப்பல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களே அப்பா, ஒண்டும் நடக்கேல்லை" என்றாள் பிள்ளை, வாஃபிளைக் கடித்துக்கொண்டு.

"ஓம் பிள்ளை, ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

பிறகு கீழே போய் பஸ் வாசலில் நின்றோம். இரும்புத் தட்டு டணார் என்று கரையில் மோதியது. பழக்கதோசத்தில் என் கை தானாகவே விரிந்தது. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.