ஓடையோரத்து இளநீர்

மாமன் எங்கள் சர்ச்சுக்கு ஏசி போட்டுக் கொடுத்த வருடம்தான் என் வாயை அடைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தேன். விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஒப்பிக்க ஞாயிறு பள்ளி டீச்சர் எனக்கு ஆமோஸ் தீர்க்கதரிசியின் பகுதியைக் கொடுத்திருந்தார். ஆடு மேய்த்த மனிதர் அவர். செல்வம் கொழித்த ஊருக்குள் போய், ஏழையை நசுக்கிவிட்டு நீங்கள் கொண்டுவரும் காணிக்கை கடவுளுக்கு வேண்டாம், முதலில் நியாயம் தண்ணீராய் ஓடட்டும் என்று சத்தம் போட்டவர். அர்த்தம் எனக்கு எங்கே தெரிந்தது? சர்ச்சுக்குள் சத்தம் போடலாம் என்பதே பிடித்திருந்தது. அம்மா அடுப்படியில் நின்றபடி திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

முந்தின நாள் ஒத்திகைக்கு மாமன் வந்தார். அம்மாவின் அண்ணன். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்தார். அந்தப் பட்டறையைத் தாண்டி வரும் ஓடைதான் எங்கள் தோட்டத்தைத் தொட்டுப் போகும். சாயக்கழிவை அதில் விடாதீர்கள் என்று அப்பா கேட்கப் போகும்போதெல்லாம் நல்ல காப்பியாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நான் சொன்னதைக் கேட்டு மாமன் முகம் சுளித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க இந்தச் சாபமெல்லாம்? ஆசீர்வாதமா ஏதாச்சும் சொல்லச் சொல்லுங்க."

போதகர் உடனே தலையாட்டினார். களஞ்சியம் நிரம்பும் என்று இரண்டு வரி என் கைக்கு வந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். யார் மாற்றச் சொன்னது என்று மட்டும் அம்மா கேட்டாள். மாமன் என்றேன்.

காலையில் காணிக்கைக்கு இளநீர் இறக்க ஆள் வந்தார். ஓடைத் தண்ணீர் எட்டாத எங்கள் மேட்டுக்காட்டு மரங்களின் இளநீர் தித்திக்கும். ஓடையோரத்து மரங்களில் காய்ப்பதை நாங்கள் வாயில் வைப்பதில்லை. அம்மா ஓடையோரத்தைக் காட்டினாள்.

"அது உப்பும்மா!"

"தெரியும் கண்ணு. நீ சும்மா இரு."

கடவுளுக்குக் கொடுப்பதில் போய்க் கஞ்சத்தனமா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். விவசாயம் பார்க்கும் காட்டுக்காரர்கள் வைத்த பூசணிக்காய், கம்பெனிக்காரர்கள் வைத்த பனியன் பெட்டி, எதுவானாலும் வழக்கம்போலக் கடைசிக் குரல் மாமனுடையதுதான். எங்கள் இளநீர்க் குலையையும் அவரே எடுத்தார். அங்கேயே இரண்டைச் சீவச் சொல்லி ஒன்றைப் போதகரிடம் நீட்டினார்.

"என்ற தங்கச்சி தோட்டத்து எளநிங்க, குடிங்க."

போதகர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். மாமன் துப்பியே விட்டார்.

"என்ன அம்மிணி இது? கடவுளுக்குக் குடுக்கறதையா இப்படிக் குடுப்பே?"

"ஓடையில என்ன வருதோ அதானுங்ணா காய்க்கும்" என்றாள் அம்மா.

குரலைக்கூட உயர்த்தவில்லை. மாமன் விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமா? கூடப் பிறந்தவனைச் சபையில் அவமானப்படுத்தினாள் என்றார்கள். அடுத்த வாரம் போதகர், காணிக்கைக்கு நல்லதையே கொடுக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். அந்த ஓடையைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா?

நானும் அம்மாவோடு பேசாமல் முறைத்துக்கொண்டுதான் திரிந்தேன். என் வசனமும் போச்சு, எங்கள் மானமும் போச்சு என்று எனக்கு ஆத்திரம். என்னிடமிருந்து பிடுங்கிய அந்தப் பகுதியை அம்மா அன்று வாசலில் நின்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.