கல்லாங்காட்டுச் சீர்

என் கணவர் வேலை பார்த்த ராஜபாளையத்து நூல் மில் எண்பதுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய அண்ணன் பாகம் பிரித்தார். மோட்டார் கிணறும் தென்னையும் இருந்த வயலை அவர் வைத்துக்கொண்டார். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கிடந்த கல்லாங்காட்டை எங்களுக்குத் தள்ளிவிட்டார். அதிலும் ஒரு பழைய கிணறு இருந்தது. ஆனால் கரண்டு கிடையாது. கம்பம் வர வேண்டுமென்றால் அவர் வயல் வழியாகத்தான் வர வேண்டும்.

சம்மதம் கேட்டுப் போனோம். எங்களை வாசலிலேயே நிற்க வைத்தார்.

“எம் வயலுக்குள்ள ஒரு போஸ்ட்டுகூட நட விட மாட்டேன். அந்தக் காட்டுல எருக்கஞ்செடியே யோசிச்சுத்தான் முளைக்கும். ஒனக்கு எதுக்குலே கரண்டு? பேசாம ரெண்டு பேரும் எங்கிட்ட வேலைக்கு வந்துருங்க. கஞ்சி ஊத்துதேன்.”

என் கணவர் தலை குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. அந்தக் காட்டில் விளைந்ததை வைத்தே ஒருநாள் இந்த மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகள் இருவரோடு காட்டில் குடிசை போட்டோம். கல் பொறுக்கி வரப்பு கட்டினோம். ஒவ்வொரு கல்லையும் அந்த மனிதர் தலையென்று நினைத்துத்தான் தூக்கிப் போட்டேன். ஊரெல்லாம் மோட்டாருக்கு மாறியபின் மூலையில் கிடந்த கமலைச் சாமான்களை என் கணவர் தேடிப் பிடித்து வந்தார். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தோம். எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டோம்.

முதல் வருடக் கடலையைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றுவிட்டன. அதைக் கேள்விப்பட்டு கணவரின் அண்ணன் சிரித்தாராம். மறுநாளே முள் வெட்டி வேலி அடைக்கத் தொடங்கினேன். உள்ளங்கை கிழிந்தும் நிறுத்தவில்லை.

அதன்பின் துவரை, குதிரைவாலி, எள், வாழை என்று ஒவ்வொன்றாகக் கைகொடுத்தது. பசுக்கள் பெருகியதும் சாண எரிவாயுத் தொட்டி கட்டினோம். அடுப்பும் எரிந்தது, விளக்கும் எரிந்தது. உப்பு, துணி தவிர கடைக்குப் போகத் தேவையில்லாமல் ஆனது. கரண்டு போய் அவர் மோட்டார் நின்றுகிடக்கும் நேரங்களில், அவர் காதில் விழட்டும் என்றே கமலை மாடுகளை உரக்க அதட்டுவேன்.

தொண்ணூறுகளில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையோடு எங்கள் குடிசைக்கு வந்தார்.

“பழசெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீக. சம்பந்தி வீட்டார் சொந்தபந்தம் எங்கன்னு கேப்பாக. முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

“சித்தப்பா வீட்டுச் சீரோட வாரோம் அத்தான்,” என்று சொல்லி மோர் கொடுத்தேன்.

வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கலாம் என்றார் என் கணவர். நான் விடவில்லை. துவரம்பருப்பு மூட்டை, குதிரைவாலி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், நெய்க் குடம், வாழைத்தார், பூசணி எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலிருந்து மேளம் வைத்து, கல்யாண மண்டபத்துக்கு ஊர்வலமாகவே கொண்டுபோனேன்.

மாப்பிள்ளையின் அப்பா பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தார். “நல்லா முத்து முத்தா இருக்கே. எந்தக் கடையில வாங்குனீக?”

“கடையில இல்ல அண்ணாச்சி. பாகத்துல அத்தான் எங்களுக்குக் குடுத்த கல்லாங்காட்டுல வெளஞ்சது. மோட்டார் கெணத்து வயல அவிய வச்சுக்கிட்டாக. கரண்டுக்கு ஒரு போஸ்ட் நட எடம் கேட்டோம், அதுவும் இல்லன்னுட்டாக. மாட்ட வச்சு எறைச்சுத்தான் இம்புட்டும்.”

சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். மேளம் ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

சம்பந்தி என் கணவரின் அண்ணன் பக்கம் திரும்பினார். “கெணத்து வயல்ல என்ன வெளையுது?”

மோட்டார் வைத்து இறைத்தே கிணறு வற்றிப்போய், சில வருடமாக அந்த வயல் தரிசாகத்தான் கிடந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் எங்களைத் தேடி வந்தார். “போஸ்ட்ட நட்டுக்கிடுங்க. கையெழுத்துப் போடுதேன்.”

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “வேண்டாம் அத்தான். உங்க மண்ணுல எங்களுக்கு ஒரு குழிகூட வேண்டாம்.”

திரும்பி வரும்போது வண்டியில் என் கணவர் பொரிந்து தள்ளினார். “புள்ளைகளுக்கு ஒரு ஃபேனாவது போட்டிருக்கலாம்லா? அம்புட்டுப் பேருக்கு முன்னால அண்ணன அப்படியா சொல்லுவ?”

“நம்மள வாசல்ல நிறுத்திக் கஞ்சி ஊத்துதேன்னாகளே, அப்போ எங்க போச்சு இந்தக் கோவம்?” என்றேன்.

அந்தக் கோடையில் புழுக்கம் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் தூங்கும்வரை நானே உட்கார்ந்து விசிறினேன். விசிறும்போதெல்லாம் சம்பந்தி முன்னால் துண்டை உதறிய அத்தானின் கையை நினைத்துக்கொள்வேன். இனிக்கும்.